டிஜிட்டல் கையொப்பம்: எழுதியவர் யார் என்று எப்படிச் சரிபார்ப்பது?

ரேட் லிஸ்ட், ஆர்டர், பில், பாக்கி விபரம் என்று நமக்கு வர வேண்டியவை எல்லாம் இப்போது செல்போன் வழியாகத்தான் வருகின்றன. கம்பத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்குப் போடியிலிருந்து ஏலக்காய் விலை வருகிறது. மதுரையிலிருந்து பருப்புக்கான பில் வருகிறது. நிலப் பத்திரம் சம்பந்தமான வில்லங்கச் சான்றுகூட வீட்டிலிருந்தபடியே இறக்கிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. இவற்றைக் கையில் வாங்கும்போது இரண்டு கேள்விகள் எழ வேண்டும். இதை எழுதியவர் யார்? எழுதியபின் வழியில் யாரேனும் இதில் கை வைத்தார்களா? இந்த இரண்டுக்கும் விடை சொல்வதற்கென்றே ஏற்பட்டது டிஜிட்டல் கையொப்பம். ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று தெரியாமல் பச்சை நிற டிக் குறியை மட்டும் பார்த்து நம்புவது, எடைக்கல்லைப் பார்க்காமல் தராசு முள்ளை மட்டும் பார்ப்பது போன்றதாகும். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பழைய வழக்கம்

நம் பெரியவர்கள் கையெழுத்தைக் 'கைச்சாத்து' என்று சொல்வார்கள். செட்டிநாட்டு நகரத்தார் உண்டியல் எழுதி ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பணம் மாற்றிய காலத்தில், அந்தத் துண்டுக் காகிதத்தை நம்பிப் பணம் கொடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. எழுதியவரின் கை எழுத்து பழக்கமானது. கொண்டு வந்தவர் தெரிந்தவர். தொகையைத் திருத்தினால் மை காட்டிக் கொடுத்துவிடும். நமது கடைகளில் சிட்டைக்குப் பணம் கொடுத்ததும் இதே நம்பிக்கையில்தான்.

கம்ப்யூட்டரில் எழுதியதற்கு இந்த மூன்று பாதுகாப்பும் கிடையாது. அசலும் நகலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. 48,260 என்பதை 48,960 என்று மாற்றினால் சுரண்டிய தடம் தெரியாது. அனுப்பியவர் பெயர் என்று திரையில் தெரிவதும் வெறும் எழுத்துத்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே களைந்துவிட வேண்டும். காகிதத்தில் போட்ட கையெழுத்தைப் படம் எடுத்து, பில்லின் அடியில் ஒட்டி அனுப்புகிறார்களே, அது டிஜிட்டல் கையொப்பம் அல்ல. அது கையெழுத்தின் போட்டோ. ஒருமுறை நமக்கு வந்த பில்லிலிருந்து அதே படத்தை வெட்டி எந்தப் பில்லிலும் யாரும் ஒட்டலாம். ரப்பர் ஸ்டாம்பின் படமும் அப்படியே. கடையில் பணம் கட்டியதாக வாடிக்கையாளர் காட்டும் செல்போன் திரைப் படமும் இதே இனம்தான். அதனால்தான் நம் கணக்கில் வரவு ஏறியதா என்று பார்த்த பிறகே சரக்கைக் கொடுக்கிறோம்.

கால்குலேட்டரில் ஒரு கையொப்பம்

உண்மையான டிஜிட்டல் கையொப்பம் படம் அல்ல, கணக்கு. அந்தக் கணக்கைச் சிறிய எண்களில் நாமே போட்டுப் பார்க்கலாம். கல்லாவில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

ஒரு மண்டிக்காரர் ரூ.48,260-க்கு பில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்தத் தொகையைச் சுருக்க வேண்டும். இலக்கங்களைக் கூட்டுவோம்: 4, 8, 2, 6, 0 கூட்டினால் 20. மறுபடி கூட்டினால் 2. இந்த 2 பில்லின் சுருக்கம்.

மண்டிக்காரரிடம் இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று ரகசியச் சாவி: 7. அதை அவர் யாருக்கும் சொல்வதில்லை. மற்றது பொதுச் சாவி: 3. அதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறார். இரண்டுக்கும் பொதுவாக 33 என்ற எண்ணும் உண்டு. இதுவும் எல்லோருக்கும் தெரியும். கையொப்பமிடுவதற்கு, சுருக்கமான 2-ஐ ஏழு முறை எழுதிப் பெருக்குகிறார். 128 வருகிறது. அதை 33-ஆல் வகுத்து மீதியை எடுக்கிறார். மீதி 29. இந்த 29-தான் கையொப்பம். பில்லோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார்.

பில்லைப் பெற்ற சின்னமனூர் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்? பொதுச் சாவி 3 அல்லவா? 29-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்குகிறார். 24,389 வருகிறது. 33-ஆல் வகுத்தால் ஈவு 739, மீதி 2. பில்லில் உள்ள தொகையின் இலக்கங்களைத் தாமே கூட்டிப் பார்க்கிறார். அதுவும் 2. பில் சரி, அனுப்பியது ரகசியச் சாவி 7-ஐ வைத்திருப்பவர்தான். வழியில் எவரோ தொகையை 48,960 ஆக்கியிருந்தால் கூட்டல் 27, மறுபடி 9. கையொப்பம் காட்டுவது 2, பில் காட்டுவது 9. குட்டு வெளிப்பட்டுவிடும்.

கூர்ந்து பார்ப்பவர்கள் இரண்டு ஓட்டைகளைக் கண்டிருப்பார்கள். 48,260 என்பதை 84,260 என்று இடம் மாற்றினால் கூட்டல் மாறாது, திருட்டு தப்பிவிடும். அதனால்தான் உண்மையில் இலக்கங்களைக் கூட்டுவதில்லை. எஸ்.எச்.ஏ.-256 என்ற கடுமையான சுருக்க முறையைப் பயன்படுத்துகிறார்கள். பில்லில் ஒரு புள்ளி மாறினாலும் 64 எழுத்துக்கள் கொண்ட அந்தச் சுருக்கம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இரண்டாவது ஓட்டை: 33 என்றால் 3 பெருக்கல் 11 என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அது தெரிந்தால் ரகசியச் சாவி 7 என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே நடைமுறையில் 33-க்குப் பதிலாக 617 இலக்கங்கள் கொண்ட எண்ணை வைக்கிறார்கள். அதை இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிப்பது இன்றுள்ள கம்ப்யூட்டர்களால் ஆகாத காரியம். இரண்டு சாவி என்ற யோசனையை 1976-ல் டிபி, ஹெல்மேன் என்ற இருவர் வெளியிட்டனர். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் என்ற மூவர் மேலே சொன்ன பெருக்கல் முறையைக் கண்டனர். அவர்கள் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து இதை ஆர்.எஸ்.ஏ. முறை என்பார்கள்.

சாவி யாருடையது என்று யார் சொல்வது?

கணக்கு சரியாக வந்தது என்றால் '7-ஐ வைத்திருப்பவர் அனுப்பினார்' என்று மட்டுமே ஆயிற்று. அவர் இன்னார் என்று எப்படித் தெரியும்? யாரோ ஒருவன் இரண்டு சாவிகளைச் செய்துகொண்டு, 'நான்தான் போடியின் பெரிய ஏலக்காய் வியாபாரி, இது என் பொதுச் சாவி' என்று சொல்லிவிடலாமே. இங்கேதான் சாட்சி தேவைப்படுகிறது. வியாபாரத்தில் ஜாமீன்தாரர் போல.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி, சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு லைசென்ஸ் கொடுத்துக் கண்காணிக்க சி.சி.ஏ. என்ற கட்டுப்பாட்டு அதிகாரி இருக்கிறார். நாட்டில் முதல் லைசென்ஸ் 2002-ல், சென்னையைச் சேர்ந்த சிபி குழுமத்தின் சேப்ஸ்கிரிப்ட் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்நிறுவனங்கள் நம் ஆதார், பான் விபரங்களைச் சரிபார்த்து, 'இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது' என்று தாமே கையொப்பமிட்டுச் சான்றிதழ் தருகின்றன. சி.சி.ஏ. அந்த நிறுவனத்துக்குச் சாட்சி, நிறுவனம் நமக்குச் சாட்சி. சங்கிலியின் உச்சியில் இருப்பது சி.சி.ஏ. இந்தியாவின் சாவி. 2021 ஜனவரி முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் நிறுத்தப்பட்டு, மூன்றாம் வகுப்பு மட்டுமே கொடுக்கப்படுகிறது. நமது ரகசியச் சாவி யு.எஸ்.பி. டோக்கனுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும், பின் நம்பர் போட்டால்தான் வேலை செய்யும்.

பில்லில் உள்ள கட்டம் என்ன சொல்கிறது?

நமக்கு அன்றாடம் வரும் டிஜிட்டல் கையொப்பம் எதுவென்றால், பெரிய மொத்த வியாபாரிகளின் பில்லில் அச்சாகி வரும் கறுப்புக் கட்டமான கியூஆர் கோடுதான். பலர் இதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். 2020 அக்டோபரில் ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கிய இ-இன்வாய்ஸ் முறை படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் ரூ.5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் கட்டாயமாயிற்று. 2017-18 முதல் ஏதேனும் ஓர் ஆண்டில் அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் போதும்.

விற்பவர் பில் விபரத்தைப் பதிவுப் போர்ட்டலுக்கு அனுப்புகிறார். போர்ட்டல் அதற்கு 64 எழுத்துக்கள் கொண்ட ஐ.ஆர்.என். என்ற எண்ணைக் கொடுத்து, தன் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கையொப்பம்தான் கட்டத்துக்குள் இருக்கிறது. ஆக, கையொப்பமிட்டவர் விற்பவர் அல்ல, போர்ட்டல். 'இந்த ஜி.எஸ்.டி. எண்காரர் இந்தப் பில்லை எங்களிடம் பதிந்தார்' என்பதே அதன் வாக்குமூலம்.

கட்டத்துக்குள் என்னென்ன இருக்கின்றன? விற்பவர், வாங்குபவர் இருவரின் ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை, எத்தனை வகைச் சரக்கு, முக்கியச் சரக்கின் எச்.எஸ்.என். எண், ஐ.ஆர்.என். இவ்வளவுதான். இவற்றில் எதையேனும் திருத்தினால் சரிபார்ப்பில் அகப்பட்டுவிடும். அதில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு சரக்கின் ரேட் இல்லை. மூட்டையின் எடை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு எண் இல்லை. ஏமாற்றுக்காரர்கள் கை வைப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மொத்த வியாபாரியின் ஈ-மெயிலுக்குள் புகுந்து, நிஜமான பில்லையே எடுத்து, அடியில் உள்ள கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். கட்டத்தைச் சரிபார்த்தால் 'செல்லும்' என்றே வரும். ஏனெனில் கையொப்பமிட்ட பகுதி மாறவில்லை. ஆகவே கணக்கு எண் மாறியிருந்தால் பில்லில் உள்ள போன் நம்பருக்குப் பேசாமல், நம் பழைய நோட்டில் உள்ள நம்பருக்குப் பேசிக் கேட்க வேண்டும். இதற்கு இதைவிடச் சிறந்த தொழில்நுட்பம் கிடையாது.

சாதாரண செல்போன் கேமராவில் இந்தக் கட்டத்தைக் காட்டினால் புரியாத எழுத்துக்களின் நீண்ட வரிசைதான் தெரியும். அதைப் படிக்க ஜி.எஸ்.டி.என். 2023-ல் வெளியிட்ட இ-இன்வாய்ஸ் சரிபார்ப்பு செயலி இருக்கிறது. கட்டத்தைக் காட்டியதும் ஏதாவது இணையப் பக்கம் திறந்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சையில் எழுதிக் காட்டினால் அது இ-இன்வாய்ஸ் கட்டமே அல்ல என்று ஒதுக்கிவிடலாம். போலிகள் அப்படித்தான் செய்வார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பதிந்த பில்லை 24 மணி நேரத்துக்குள் விற்பவர் போர்ட்டலில் ரத்து செய்யலாம். ரத்தான பின்னும் நம் கையில் உள்ள அச்சுப் பில்லின் கையொப்பம் கணக்குப்படி சரியாகவே இருக்கும். மையை அழிக்க முடியாதது போல. ரத்தானது போர்ட்டலில் தேடினால்தான் தெரியும். ஆகவே பெரிய தொகைப் பில்களை ஒரு நாள் கழித்து ஐ.ஆர்.என். போட்டுப் பார்ப்பதும், மாதம் பிறந்ததும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலில் அது ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. இது வெறும் சந்தேகப் புத்தி அல்ல. ஜி.எஸ்.டி. விதி 48(5)-ன்படி, இ-இன்வாய்ஸ் போட வேண்டியவர் அவ்வாறு போடாமல் கொடுத்த பில் பில்லாகவே கருதப்படாது. அதன்மீது நாம் எடுக்கும் உள்ளீட்டு வரி வரவு ஆட்டம் கண்டுவிடும். வரியைக் கட்டியது நாம், பில்லை முறையாகப் போடாதது அவர். நோட்டீஸ் வருவது நமக்கு.

இணையப் பக்கத்தை எழுதியவர் யார்?

இனி விலை விபரத்துக்கு வருவோம். போடிநாயக்கனூரிலும் கேரளத்தில் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்களில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. ஏலம் முடிந்ததும் நடத்தியவர் பெயர், லாட் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை ஆகியவற்றைப் போர்டு தன் இணையதளத்தில் போடுகிறது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்கள்? பெரும்பாலும் அதன் படமோ, அதிலிருந்து எடுத்து டைப் செய்ததோ வாட்ஸ்அப்பில் வருகிறது. நேற்றைய தேதியை இன்றைய தேதியாக்கி, சராசரி விலையில் ஒரு நூறு ரூபாயைக் கூட்டினால் யாருக்குத் தெரியும்? அந்த விலையை நம்பிப் பத்து மூட்டை பேசி முடித்தவர் பாடு என்னவாகும்?

'இணையதளத்தைத் திறந்து பார்த்தால் பூட்டுப் படம் இருக்கிறதே, அது கையொப்பம் இல்லையா?' என்று கேட்கலாம். அதுவும் ஒரு டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்தான். ஆனால் அது சாட்சி சொல்வது முகவரிக்கு மட்டும். 'நீங்கள் டைப் செய்த இந்த முகவரியோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் யாரும் கேட்கவில்லை, திருத்தவில்லை' என்பதே அதன் பொருள். கடையின் போர்டு உண்மை என்று சொல்லுமே தவிர, கடைக்குள் ஒட்டியிருக்கும் நோட்டீஸை எழுதியவர் யார் என்றோ, கடைக்காரர் யோக்கியர் என்றோ சொல்லாது. 2015-16 முதல் இத்தகைய சான்றிதழ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி முகவரி வாங்கும் மோசடிக்காரனும் நிமிடத்தில் பூட்டு மாட்டிக்கொள்கிறான். இதனாலேயே கூகுளின் குரோம் பிரவுசர் 2023 செப்டம்பரில் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. மக்கள் அதைப் பத்திரத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டதே காரணம்.

சாட்சி சொல்பவரே தவறிப்போவதும் உண்டு. 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்து, கூகுளின் பெயரிலேயே சான்றிதழ் செய்துகொண்டார்கள். அந்நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் திவாலானது. நம் நாட்டிலும் 2014 ஜூலையில், தேசிய தகவல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகுளின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்தது. சி.சி.ஏ. அந்தப் பிரிவின் சான்றிதழ்களை ரத்து செய்ய நேர்ந்தது. ஜாமீன்தாரரின் கல்லாவும் அவ்வப்போது சோதிக்கப்பட வேண்டியதே.

பக்கத்துக்குப் பக்கம் எழுதியவரே கையொப்பமிடும் முறை ஏன் இல்லை என்று தோன்றலாம். இணைய விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998-லேயே அப்படி ஒரு முறையைப் பரிந்துரைத்தது. அது பழக்கத்துக்கு வரவில்லை. பக்கத்தில் உள்ளதை எழுதியவர் தினமும் மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் டோக்கனைச் செருகிக் கையொப்பமிட யாருக்கும் பொறுமையில்லை. ஆகவே பக்கத்தைப் பொறுத்தவரை முகவரிதான் நமக்குள்ள பிடி. வந்த லிங்கை அழுத்தாமல் முகவரியை நாமே டைப் செய்ய வேண்டும். 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும் முகவரி அரசுத் துறைகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பது நல்ல அடையாளம். ஆனால் அதையே முழு விதியாகக் கொள்ள முடியாது. ஸ்பைசஸ் போர்டின் தளமே நெடுங்காலம் 'டாட் காம்' முகவரியில் நடந்து வந்ததாயிற்றே. சரியான முகவரியை ஒருமுறை விசாரித்துத் தெரிந்துகொண்டு, செல்போனில் குறித்து வைத்துக்கொள்வதே வழி.

கேள்விக்குறியும் சிவப்புக் குறியும்

எழுதியவர் யார் என்று உறுதியாகத் தெரிய வேண்டியவை பி.டி.எப். பைலாக, கையொப்பத்தோடு வருகின்றன. இணையத்தில் இறக்கும் வில்லங்கச் சான்று இதற்கு உதாரணம். இதைக் கம்ப்யூட்டரில் திறந்ததும் மஞ்சள் நிறக் கேள்விக்குறியோடு 'கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் வருவதைப் பார்த்து, போலி என்று பயந்தவர்கள் பலர். அப்படி இல்லை. கையொப்பமிட்டவருக்குச் சாட்சி சொல்லும் சி.சி.ஏ.யை உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். சி.சி.ஏ.யின் தளத்திலிருந்து மூலச் சான்றிதழை இறக்கி ஏற்றிக்கொண்டால் கேள்விக்குறி டிக் ஆகிவிடும். சிவப்புக் குறி வந்து, கையொப்பம் செல்லாது என்றோ, கையொப்பத்துக்குப் பின் ஆவணம் மாற்றப்பட்டது என்றோ சொன்னால்தான் உஷாராக வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. எந்தப் பெயரிலும் யாரும் தாமே ஒரு சான்றிதழ் செய்துகொள்ள முடியும். 'இதை நம்பலாமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது, அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்திவிட்டால் அதன்பிறகு போலிக்கும் பச்சை டிக் விழும். கையொப்பத்தின்மீது அழுத்தி, சான்றிதழ் விபரத்தைத் திறந்து, சங்கிலியின் உச்சியில் சி.சி.ஏ. இந்தியா இருக்கிறதா, அடியில் இருப்பது நாம் எதிர்பார்த்த ஆளின் பெயர்தானா என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

செல்போனில் பி.டி.எப். திறக்கும் பல செயலிகள் கையொப்பத்தைச் சோதிப்பதே இல்லை; வெறும் படமாகக் காட்டிவிடும். அச்சடித்து எடுத்தாலும் கையொப்பம் செத்துவிடும். காகிதத்தில் மிஞ்சுவது அதன் நிழல். ஆகவே முக்கியமான பைல்களை அசலாகவே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதினியம், 63-ஆம் பிரிவில், கம்ப்யூட்டர் ஆவணத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது சான்று இணைக்கச் சொல்கிறது. அந்தச் சான்றின் படிவத்தில் நாம் முன்பு பார்த்த சுருக்க எண்ணையும் எழுத வேண்டும். அசல் பைல் இல்லாதவர் அதை எங்கிருந்து எழுதுவார்?

இதற்கெல்லாம் விலக்கான ஒரு பழைய தோழன் இருக்கிறான்: புரோநோட்டு. வியாபாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் புரோநோட்டுக்கு டிஜிட்டல் கையொப்பம் செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை அதை விலக்கி வைத்திருக்கிறது. 2022-ல் வந்த திருத்தம் வங்கி போன்ற, ரிசர்வ் வங்கி முதலியவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குச் சாதகமாக எழுதுபவற்றுக்கு மட்டுமே வழிவிட்டது. உயிலும் அப்படியே. காகிதமும் பேனாவும்தான்.

நம் சாவி யார் கையில்?

இதுவரை மற்றவர் கையொப்பத்தைப் பார்த்தோம். நம் கையொப்பம் எங்கே இருக்கிறது? கம்பெனியாகவோ எல்.எல்.பி. ஆகவோ பதிந்தவர்களுக்கு ஜி.எஸ்.டி. வேலைக்கு டோக்கன் அவசியம். அந்த டோக்கன் பெரும்பாலும் ஆடிட்டர் ஆபீஸின் மேசை டிராயரில், பின் நம்பர் எழுதிய ஸ்டிக்கரோடு கிடக்கிறது. ஆடிட்டரை நம்பாமல் தொழில் செய்ய முடியாது என்பது உண்மையே. ஆனால் அந்த ஆபீஸில் வேலைக்கு வந்து போகும் எல்லோரையுமா நம்புகிறோம்? கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் புத்தகத்தை அங்கே கொடுத்து வைப்போமா?

தனி உரிமையாளர்களுக்கு டோக்கன் தேவையில்லை. செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. போதும். அப்படியானால் அந்த ஓ.டி.பி.தான் அவர் கையொப்பம். பதிவு எடுத்தபோது யாருடைய செல்போன் நம்பரைக் கொடுத்தோம் என்று இன்றே பாருங்கள். எழுதிக் கொடுத்த குமாஸ்தாவின் நம்பர் இருந்தால் கையொப்பம் அவருடையது. பொறுப்பு மட்டும் நம்முடையது. ஜி.எஸ்.டி. தளத்திலேயே நம்பரை மாற்றலாம். பழைய நம்பர்காரர் ஒத்துழைக்காவிட்டால் உரிய ஆவணங்களோடு நம் வட்டார வணிகவரி அலுவலரிடம் போனால் அவர் மாற்றித் தர முடியும்.

சட்டம் இதில் கறாராக இருக்கிறது. ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க உரிய கவனம் எடுக்க வேண்டியது உரியவரின் கடமை என்கிறது 42-ஆம் பிரிவு. சாவி கைமாறிவிட்டது என்று தெரிந்தால் தாமதமின்றிச் சான்றளித்த நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லும் வரையில் நடப்பதற்கு உரியவரே பொறுப்பு. 'டோக்கன் ஆடிட்டரிடம் இருந்தது' என்பது பதிலாகாது. பிறர் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தியவருக்கு 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் உண்டுதான். ஆனால் அவரைக் கண்டுபிடிக்கும் வரை கடையை நடத்த வேண்டியவர் நாம். டோக்கன் தொலைந்தால் அன்றே நிறுவனத்துக்கு ஈ-மெயிலில் எழுதி, சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி, அனுப்பிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் குடும்பக் கடைகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. கடை அப்பா பெயரில். அவர் காலமான பின்னும் மகன் அதே டோக்கனை, அதே ஓ.டி.பி.யை வைத்து ரிட்டர்ன் போட்டு வருவார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வியாபாரம் தடைப்படக் கூடாதே என்ற கவலைதான். ஆனால் சான்றிதழ் ஒரு தனி ஆளுக்குக் கொடுத்தது. அவர் மறைந்த தேதிக்குப் பின் அதில் விழும் ஒவ்வொரு கையொப்பமும் தேதியோடு பதிவாகிறது. இறப்புச் சான்றிலும் தேதி இருக்கிறது. வாரிசு தன் பெயரில் புதிய ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து, அப்பாவின் கணக்கில் நிற்கும் வரி வரவை ஐ.டி.சி.-02 படிவம் மூலம் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பழைய பதிவை ரத்து செய்வதற்கு முன் அந்தப் படிவத்தைப் போட்டுவிட வேண்டும்.